பழையகோட்டை ஆநிரையும் கொறங்காடும்

பாலையைப் பண்டைத் தமிழர் தனி நிலமாக வைத்து எண்ணவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்று சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதை உரைப்பதை நம் பள்ளிகளில் இலக்கியம் பயிற்றுவோர் அறிவர். வடஇந்தியத் தார்ப் பாலைவனம் போன்ற பரந்த மணற்கடல் தமிழகத்தில் இல்லை. ஆயினும் முல்லை பாலையாகத் திரியும் விளிம்பிலேயே காலங்காலமாக நின்று, அவ்வாறு திரிந்துவிடாமல் காக்கப்பட்ட மேய்ச்சல் நிலம் ஒன்று உண்டு. அது கொங்கு நாட்டில் காங்கயம் வட்டாரத்துக் கொறங்காடு. அந்நிலத்தில் உருவானதே காங்கயம் மாடு. அம்மாட்டின் பெயரோடு பிரிக்கவொண்ணாது இணைந்து நிற்பது பழையகோட்டைப் பட்டக்காரரின் பண்ணை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குக் கொங்கு நாட்டு மாட்டுப் பண்ணையின் வரலாறு எதற்கு என்று சிலர் வினவக்கூடும். நம் முன்னோருள் ஒரு பகுதியினர் சேலம், கோயம்புத்தூர், திருச்சி மாவட்டங்களின் புன்செய்க் காடுகளிலிருந்து கப்பலேறியவர்கள். மாடும் ஆடும் மேய்த்த கைகளே இங்கு வந்து பால்மரம் வெட்டின. கோலாலம்பூர் நகரம் 1881இல் தீயாலும் வெள்ளத்தாலும் அழிந்தபின் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டபோது, சூளைகள் இருந்த இடமே பிரிக்ஃபீல்ட்ஸ் ஆயிற்று. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிய பின்னரும் நெடுங்காலம் பாரம் சுமந்தது மாட்டுவண்டியே. இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் 'உள்ளூர் இந்தியக் கறவை' என வழங்கும் மாட்டினம், இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த மாடுகளின் வழிவந்ததே. தோட்டத்து லயங்களுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை கண்டு வளர்ந்தவர்க்கு இவ்வரலாறு அயலாருடையதன்று.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். காங்கயம் இன்று திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. 1979 வரை கோயம்புத்தூர் மாவட்டத்திலும், அதன்பின் 2009இல் திருப்பூர் மாவட்டம் அமையும்வரை ஈரோடு மாவட்டத்திலும் இருந்தது. வடக்கே நொய்யலும் தெற்கே அமராவதியும் ஓட, இரண்டுக்கும் நடுவே மேட்டுநிலமாகக் கிடப்பது இவ்வட்டாரம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருவது பெரும்பாலும் காற்றுத்தான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் மழையை நம்பியே பிழைப்பு. ஆண்டு முழுவதும் பெய்வதைக் கூட்டினால் 600 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்கும். கோலாலம்பூரில் பெய்யும் மழையில் அது நான்கில் ஒரு பங்களவே. மண்ணோ சரளை கலந்த செம்மண். இடையிடையே சுண்ணாம்புக் கல். காங்கயம் மாட்டின் எலும்பு உறுதிக்கு இச்சுண்ணாம்பு மண்ணில் விளையும் புல்லே காரணம் என்று அவ்வூர் உழவர் சொல்வர்.

இந்த வறட்சி புதிதன்று. பதிற்றுப்பத்து கொங்கரை ஆக்களோடு சேர்த்தே பேசுகிறது. வன்னிலத்தை உடைத்துத் தோண்டிய கிணற்றில் சிறிது சிறிதாக ஊறும் நீரைக் கயிறு கட்டிய சிறு முகவையால் முகந்து ஊற்ற, அந்நீரைச் சூழ்ந்து ஆக்கள் மொய்க்கும் காட்சியை அந்நூலின் மூன்றாம் பத்தில் காண்கிறோம். ஆனைமலைச் சாரலும் காவிரிக் கரையும் பாடப்பட்ட இலக்கியத்தில், கொங்கருக்கு உரிய காட்சியாகப் புலவர் தேர்ந்தது ஒரு கிணற்றையும் தாகத்தோடு நிற்கும் மாட்டையுந்தான். ஆநிரை கவர்தலும் மீட்டலும் வெட்சி, கரந்தை எனத் திணைகளாக வகுக்கப்பட்டதும் இத்தகைய நிலத்தின் வாழ்வை அடியொற்றியதே. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுக்கப்பட்ட தமிழ் பிராமி நடுகல்லில் 'ஆகோள்' என்னும் சொல்லே பொறிக்கப்பட்டிருப்பது, இலக்கியம் கூறுவது வெறுங் கற்பனையன்று என்பதற்குக் கல்லில் நிற்கும் சான்று. தொல்காப்பியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் வெட்சித்திணையை நடத்தும்போது இக்கல்லைப் படமாகவேனும் மாணாக்கர்க்குக் காட்டுதல் வேண்டும்.

கொறங்காட்டின் அமைப்பு

கொறங்காடு என்பது காட்டிலாகாவின் காடன்று; ஊர்ப்பொது மந்தையுமன்று. தனித்தனி உழவர்க்குப் பட்டா உரிமையுள்ள மேய்ச்சல் நிலம். சில ஏக்கர் நிலத்தைச் சுற்றி முள்கிளுவையால் உயிர்வேலி அமைத்திருப்பர். கிளுவைப் போத்துகளை வெட்டி, மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றிவிட்டால் அவை வேர்பிடித்துத் தழைத்து, ஆளும் நுழையாத முள்மதிலாகிவிடும். இடைவெளி விழுந்த இடத்தில் மேலும் இரண்டு போத்துகளை ஊன்றினால் போதும். ஒருமுறை அமைத்த வேலி தலைமுறை தாண்டி நிற்கும்.

வேலிக்குள்ளே தரையில் கொழுக்கட்டைப் புல். வறண்ட காலத்தில் அது காய்ந்து மடிந்தது போலத் தோன்றும். ஆனால் தூர் சாவதில்லை. மண்ணில் உதிர்ந்த விதையும் கெடுவதில்லை. ஒரு நல்ல மழை விழுந்த சில நாளில் காடு பச்சையாகிவிடும். பாலையின் எல்லையில் வாழும் உயிர்களுக்கு இந்தப் பொறுமைதான் முதல் தகுதி போலும். புல்லுக்கு மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்வேல மரங்கள் நிற்கும். மாடுகள் நண்பகலில் ஒதுங்க அவற்றின் நிழல் உதவும். புல் முற்றிலும் தீர்ந்துபோகும் கோடையில் அவற்றின் காய்கள் உதிர்ந்து தீவனமாகும். காயைத் தின்ற ஆடு மாடுகளின் சாணத்திலும் புழுக்கையிலும் விதை கலந்து வேறிடத்தில் முளைக்கும். மரம் மாட்டை வளர்க்க, மாடு மரத்தை விதைக்கிறது.

ஒரு குடும்பத்திற்கு இத்தகைய வேலியடைத்த துண்டுகள் இரண்டு மூன்று இருக்கும். ஒன்றில் புல் குறைந்ததும் மாடுகளை அடுத்ததற்கு மாற்றிவிடுவர். மாடு மேய்ந்த தரையில் பின்னர்ச் செம்மறி மேயும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரை இறுகிவிட்டால் ஏரோட்டிச் சோளமோ கொள்ளோ விதைத்து ஒரு வெள்ளாமை எடுத்துக்கொண்டு, மறுபடியும் புல்லுக்கே விட்டுவிடுவர். மாடில்லாதவர் தம் காட்டை ஆண்டுக் குத்தகைக்கு விடுவதும் உண்டு. வேலி இருப்பதால் மாடு மேய்க்க ஆள் நாள் முழுவதும் பின்னால் அலைய வேண்டுவதில்லை. காலையில் படலைத் திறந்து விட்டால் மாலையில் கட்டுத்தரைக்கு ஓட்டி வரலாம். மேய்ச்சலுக்கு ஆளற்ற முறை என்பதனால், சிறு உழவனும் இரண்டு மாட்டை வைத்துப் பிழைக்க முடிந்தது. கொறங்காடு பட்டக்காரர் ஒருவரின் கண்டுபிடிப்பு என்று யாரும் எண்ணிவிட வேண்டா. பெரும்பண்ணைக்கும் சிறுகாணிக்கும் பொதுவான வேளாண் அறிவு அது.

அமெரிக்கப் புல்வெளிகளில் வேலியின் கதை வேறு விதமாக நடந்தது. மரமற்ற பரந்த நிலத்தை வளைக்க வழியில்லாதிருந்தபோது, இல்லினாய் மாநிலத்து உழவர் ஜோசப் கிளிடன் 1874இல் முள்கம்பிக்கு உரிமம் பெற்றார். அதன்பின் சில ஆண்டுகளிலேயே திறந்த மேய்ச்சல் மறைந்து, கம்பி வைத்தவனுக்கே காடு என்றாயிற்று. கம்பியை ஆலையில் வாங்க வேண்டும். துருப்பிடித்தால் மீண்டும் வாங்க வேண்டும். கிளுவை வேலியோ நிழல் தரும். பறவைக்கும் ஓணானுக்கும் இடம் தரும். மண் அரிப்பைத் தடுக்கும். செலவு ஒரு நாள் உழைப்பு மட்டுமே. இன்று காங்கயம் வட்டாரத்திலும் கிளுவையைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி இழுக்கும் காட்சியைக் காண்கிறோம். நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பதற்கு அது வசதி.

மாடு

காங்கயம் மாட்டை ஒருமுறை கண்டவர் மறவார். கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஆறு மாதம் ஆவதற்குள் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறம் ஏறும். பொலிகாளைக்குத் தலை, கழுத்து, திமில், முன்பின் தொடைகள் ஆகிய இடங்களில் கருமை படரும். காயடித்த எருதுக்கு அக்கருமை மங்கிவிடும். பசு வெளிர் சாம்பலாகவோ வெண்மையாகவோ இருக்கும். மயிலை, செவலை, காரி என்று நிறத்தை வைத்துப் பெயர் சொல்வது ஊர் வழக்கு. கொம்புகள் வெளிப்புறமாகப் புறப்பட்டுப் பின்னோக்கி வளைந்து, நுனிகள் ஒன்றையொன்று நெருங்கி ஏறத்தாழ ஒரு வட்டமாக முடியும். பால் மிகுதி இல்லை. கன்றுக்குப் போக வீட்டிற்குக் கொஞ்சம். இம்மாட்டை வளர்த்தது பாலுக்காக அன்று, உழைப்புக்காக. ஏர், வண்டி, எல்லாவற்றிற்கும் மேலாகக் கவலை.

கவலை என்னும் சொல்லைக் கேட்டதும் மனத்துயரை நினைப்பவர்க்கு ஒரு விளக்கம். ஆழ்ந்த கிணற்றிலிருந்து மாடு பூட்டி நீர் இறைக்கும் முறைக்குக் கொங்கு நாட்டில் கவலை என்று பெயர். கிணற்றடியிலிருந்து சரிவாக இறங்கும் வழியில் எருதுகள் இறங்கும்போது கயிறு இழுபட்டு, நீர் நிறைந்த தோற்பறி மேலே வரும். எருதுகள் பின்னோக்கி ஏறும்போது பறி மீண்டும் கிணற்றில் இறங்கும். விடியற்காலையில் தொடங்கி வெயில் ஏறும்வரை இப்படியே முன்னும் பின்னும் நடந்தால்தான் சில பாத்திகள் நனையும். கீழிறங்கும்போது இழுக்கும் வலிமையும், பின்னோக்கி ஏறும்போது மிரளாத பொறுமையும் ஒரே மாட்டிடம் வேண்டும். காங்கயம் எருதைத் தேர்ந்து தேர்ந்து உருவாக்கியது இந்தக் கிணறுதான். பதிற்றுப்பத்தின் முகவையிலிருந்து கவலைப் பறி வரை வறண்ட நிலத்தின் நீர்த்தேவையே மாட்டின் வரலாற்றை எழுதியிருக்கிறது.

பட்டக்காரரும் பண்ணையாட்களும்

காங்கயத்தை அடுத்து நத்தக்காடையூருக்கு அருகில் உள்ளது பழையகோட்டை. அங்குள்ள பட்டக்காரர் குடும்பத்தார் சர்க்கரை மன்றாடியார் என்னும் பட்டப்பெயர் உடையவர்கள். கொங்கு வேளாளரிடையே பட்டக்காரர் என்பது நிலக்கிழமையும் குலத்தலைமையும் ஒருங்கே அமைந்த நிலை. ஆங்கிலேய அரசின் கால்நடை அதிகாரி கன் 1909இல் தென்னிந்திய மாடுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். லிட்டில்வுட் என்பார் 1936இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி எழுதினார். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனத்திற்காக ஜோஷியும் பிலிப்ஸும் எழுதிய இந்திய, பாகிஸ்தானியத் திமில் மாடுகள் பற்றிய நூல் 1953இல் வெளிவந்தது. காங்கயம் மாட்டினம் சிறப்புற்றது பழையகோட்டைப் பட்டக்காரராயிருந்த நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் முயற்சியால் என்பது கால்நடை நூல்கள் தொடர்ந்து கூறிவரும் செய்தி. நல்ல பொலிகாளைகளைத் தேர்ந்து வைத்தல், தரம் குறைந்த காளைகளைக் காயடித்தல், நல்ல பசுக்களை விற்காமல் காத்தல் ஆகியவற்றை ஒரு தலைமுறைக்கு மேல் விடாது செய்வதற்குப் பரந்த மேய்ச்சல் நிலமும் பெருமந்தையும் வேண்டும். அவை அவரிடம் இருந்தன. அவற்றை அவர் வீணாக்கவில்லை. அந்தப் புகழ் அவர்க்கு உரியதே.

ஆனால் வரலாறு அவ்வளவில் நின்றுவிடுவது முறையாகாது. பொலிகாளையைத் தேர்ந்தவர் பட்டக்காரர். அக்காளையின் குணத்தைக் கன்றுப் பருவம் முதல் அருகிருந்து அறிந்து சொன்னவன் எவன்? நோய் கண்ட பசுவின் அருகில் இரவெல்லாம் விழித்திருந்தவன் எவன்? கவலைப் பறிக்குத் தோல் பதப்படுத்தித் தைத்தவர்கள் கொங்கு நாட்டு மாதாரிகள், அதாவது அருந்ததியர். அந்தப் பறி இல்லையேல் கவலை இல்லை. கவலை இல்லையேல் காங்கயம் எருதுக்கு வேலையில்லை. ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர்க்குச் சொந்தக் கொறங்காடு இல்லை. ஊர்க் கிணற்றில் நீர் மொள்ளும் உரிமையும் இல்லை. தாம் தைத்த பறியில் ஏறிவந்த நீருக்கே அவர்கள் தள்ளி நின்று கையேந்த வேண்டியிருந்தது. பிரெண்டா பெக் என்னும் மானிடவியல் அறிஞர் 1964 முதல் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி ஆராய்ந்து, 1972இல் கொங்கு நாட்டு உழவர் சமுதாயம் பற்றி வெளியிட்ட நூலில், சாதிகளிடையே நிலமும் உழைப்பும் எவ்வாறு பகுக்கப்பட்டிருந்தன என்பதை விரிவாகக் காணலாம். கால்நடை நூல்களையும் அந்நூலையும் அருகருகே வைத்துப் படித்தால்தான் பழையகோட்டையின் படம் முழுமை பெறும்.

தோட்டத்து வரலாற்றை எழுதுவோர் துரைமார் பெயரையும் கம்பெனிப் பெயரையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, காட்டை வெட்டியவன் பெயரைக் 'கூலிகள்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை நாம் நன்கறிவோம். தமிழகத்துப் பண்ணை வரலாற்றிலும் அதே குறையை நாமே செய்யலாகாது.

டெக்சாஸ் மாநிலத்தின் தெற்கே வறண்ட முட்புதர் நிலத்தில் ரிச்சர்ட் கிங் என்பவர் 1853இல் தொடங்கிய கிங் பண்ணையை இங்கே ஒப்பு நோக்குவது பயன் தரும். அடுத்த ஆண்டு அவர் மெக்சிகோவில் குரூயாஸ் என்னும் சிற்றூருக்கு மாடு வாங்கச் சென்றார். வறட்சியால் நலிந்த அவ்வூரார் தம் மாடுகளையெல்லாம் அவரிடம் விற்றுவிட்டனர். மாடு போனபின் ஊரில் இருந்து என்ன பயன் என்று எண்ணி, அவர்களும் அவர் பின்னே குடிபெயர்ந்தனர் என்பது அப்பண்ணையின் வழிவழிச் செய்தி. அவர்கள் வழியினர் 'கினேன்யோ', அதாவது கிங்கின் மக்கள், என்றே பெயர் பெற்றனர். அப்பண்ணையில் உருவான சாண்டா கெர்ட்ருடிஸ் மாட்டினம் 1940இல் ஏற்பளிக்கப்பட்டது. அதன் குருதியில் ஒரு பங்கு இந்தியத் திமில் மாட்டினுடையது. அமெரிக்க வெயிலுக்கும் உண்ணிக்கும் ஐரோப்பிய மாடு தாங்காதபோது, நம் நாட்டு மாட்டை நாடினர். 1961இல் கிங் பண்ணை அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஒரு நிலக்கிழார் குடும்பம், வறண்ட நிலம், தலைமுறை தலைமுறையாக அங்கேயே உழைத்த மேய்ப்பர்கள், அந்நிலத்திற்கென்றே உருவான மாடு என இரு பண்ணைகளுக்கும் ஒற்றுமை மிகுதி. வேற்றுமை ஒன்று. அங்கே மேய்ப்பருக்கு ஒரு பெயராவது நிலைத்தது. இங்கே அதுவும் இல்லை.

குறைந்த கதை

கொறங்காடு குறையத் தொடங்கியது ஒரே நாளில் அன்று. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிக் கோயம்புத்தூர்ப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. விடுதலைக்குப் பின் சிற்றூர்க் கிணறுகளில் மின் இறைவைகள் வந்தபோது கவலை மறைந்தது. எட்டு மணி நேரம் இரண்டு எருது இழுத்த நீரைப் பொறி ஒரு மணியில் கொட்டிற்று. உழவன் முதுகு நிமிர்ந்தான். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் எருதின் முதல் வேலை போயிற்று. 1955இல் கீழ்பவானி அணை முடிந்து கால்வாய் ஓடியது. பின்னர்ப் பரம்பிக்குளம் ஆழியாற்று நீரும் காங்கயம், வெள்ளகோவில் பகுதிகளை எட்டியது. நீர் கண்ட கொறங்காடு வயலாயிற்று, தென்னந்தோப்பாயிற்று. டிராக்டர் ஏரைப் பிடுங்கிக்கொண்டது. லாரி வண்டியைப் பிடுங்கிக்கொண்டது. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியபின், பால் கொடுக்கும் மாடே மாடு என்றாயிற்று. ஜெர்சிக் கலப்பினம் வீடுதோறும் வந்தது. கலப்பினப் பசுவுக்குக் கொட்டகையும் தீவனமும் போதும். கொழுக்கட்டைப் புல்லும் கிளுவை வேலியும் வேண்டுவதில்லை.

1961இல் வந்த நில உச்சவரம்புச் சட்டமும் 1970இல் அவ்வரம்பை 15 தர ஏக்கராகக் குறைத்த திருத்தமும் பெரும்பண்ணைகளின் காலத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன. நிலமற்றவன் பக்கம் நின்று பார்த்தால் அச்சட்டம் தேவையானதே. ஆனால் மந்தை பிரிந்தால் மாட்டினம் என்னாகும் என்று அன்று எண்ணிப் பார்த்தவர் மிகச் சிலரே. இன்று காங்கயம் நகரம் அரிசி ஆலைக்கும் தேங்காய் எண்ணெய்க்கும் பெயர் பெற்றது. தென்னையின் வருவாய்க்கு முன்னால் வெள்வேல மரத்தின் காய் எம்மாத்திரம்? எஞ்சிய கொறங்காடுகளில் சீமைக்கருவேலம் புகுந்து புல்லை அழிக்கிறது. கொறங்காட்டு நிலத்தை விற்றால் வரும் தொகை, அதில் மாடு வைத்து ஒரு தலைமுறை பிழைத்தாலும் கிடைக்காது. கணக்குத் தெரிந்த எவனும் விற்கத்தான் எண்ணுவான்.

காக்கும் முயற்சிகள்

இந்நிலையில் மாட்டைக் காக்க எழுந்த முயற்சிகள் பாராட்டுக்குரியன. குட்டப்பாளையத்தில் கார்த்திகேய சிவசேனாபதி நிறுவிய சேனாபதி காங்கயம் கால்நடை ஆராய்ச்சி நிலையம் 2009 முதல் இம்மாட்டினத்துக்காகவும் கொறங்காட்டுக்காகவும் ஒருங்கே குரல் கொடுத்துவருகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் சத்தியமங்கலம் பக்கத்தில் காங்கயம் மாட்டுக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்திருக்கிறது. சித்திரையில் கண்ணபுரத்திலும் ஆடியில் அந்தியூரிலும் கூடும் மாட்டுச் சந்தைகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கடல் கடந்தும் இம்மாடு வாழ்கிறது. 1960களின் தொடக்கத்தில் பிரேசில் நாட்டிற்குக் கொண்டுசெல்லப்பட்ட காங்கயம் மாடுகளின் வழியினை அந்நாட்டார் 'காங்காயன்' என்று பெயரிட்டுத் தனி இனமாகவே பதிந்து வைத்திருக்கின்றனர். ஓங்கோல் மாடு அங்கே 'நெல்லூரே' ஆகிப் பெருகியதைப் போன்ற பெருக்கம் இதற்கு இல்லை. எனினும் பெயர் நிற்கிறது.

7-5-2014 அன்று இந்திய உச்சநீதிமன்றம் சல்லிக்கட்டையும் மாட்டுவண்டிப் பந்தயத்தையும் தடைசெய்தது. கொங்கு நாட்டில் சல்லிக்கட்டைவிட ரேக்ளாப் பந்தயமே வழக்கம். அதில் ஓடுவது காங்கயம் காளை. 2017 சனவரியில் சென்னைக் கடற்கரையில் இளைஞர் திரண்டதும், தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்ததும், 18-5-2023 அன்று உச்சநீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றதும் யாவரும் அறிந்தவை. இப்போராட்டத்தால் நாட்டுமாடு என்னும் சொல் நகரத்து இளைஞர் வாயிலும் வந்தது பெரிய நன்மை. ஆயினும் ஒன்றைக் கூறாதிருக்க இயலாது. சட்டம் காத்தது காளையின் ஓட்டத்தை. பசுவைப் பற்றியும் புல்லைப் பற்றியும் அது ஒன்றும் பேசவில்லை. பந்தயக் காளை ஒன்றுக்கு ஊரே மாலையிடும்; அதை ஈன்ற பசு அடிமாட்டு லாரியில் ஏறினால் கேட்பாரில்லை. கொட்டகையில் கட்டிப் பருத்திக்கொட்டை போட்டு வளர்க்கும் காளை பார்வைக்குக் காங்கயமாக இருக்கலாம். கோடையில் வேலங்காய் தின்று நிற்கும் உரம் அதற்கு எத்தனை தலைமுறை தங்கும்?

ஆகவே மாட்டைக் காப்பது என்றால் காட்டையும் சேர்த்துக் காக்க வேண்டும். இங்குதான் இடர்ப்பாடு. பழைய கட்டடத்தைக் காப்பது ஓரளவு எளிது. பிரிக்ஃபீல்ட்ஸில் 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமக் கட்டடத்திற்கு இடர் நேருமோ என்று 2014இல் ஐயம் எழுந்தபோது நம்மவர் குரல் எழுப்பியது நினைவிருக்கும். சுவரும் கூரையும் கண்ணுக்குத் தெரிவன. அவற்றை மரபுரிமைச் சட்டத்தில் பதியலாம். கொறங்காட்டில் பதிய என்ன இருக்கிறது? ஒரு முள்வேலி, காய்ந்த புல், நான்கு வேலமரம். வெளியூரார் கண்ணுக்கு அது தரிசு. மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே குன்றுகளும் நீர்நிலைகளும் குடைவரைக் கோயிலும் உண்டு. கொறங்காடோ தனியார் பட்டா நிலம். உரிமையாளனுக்கு ஒரு பயனும் தராமல் 'விற்காதே, உழாதே' என்று சட்டம் போட்டால், சட்டம் வருமுன்பே அவன் வேலியைப் பிடுங்கிவிடுவான். கொறங்காட்டைக் கொறங்காடாகவே வைத்திருப்பவனுக்கு ஏக்கர் கணக்கில் ஆண்டுதோறும் ஓர் ஊக்கத்தொகை, கிளுவை நடுவதற்கு ஊரக வேலைத் திட்டத்தில் கூலி, காங்கயம் பசு வைத்திருப்பவனுக்குக் கன்றுக்கு உதவி என்பவையே நடைமுறைக்கு ஏற்றவை என்பது என் கருத்து. அந்தக் கூலியும் உதவியும் நிலமுள்ளவனோடு நின்றுவிடாமல் மாடு மேய்த்த குடும்பங்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

நம் பக்கத்து நிலையையும் இங்குச் சொல்லலாம். சீஃபீல்டு தோட்டம் சுபாங் ஜெயா ஆகிவிட்டது. சுங்கை ரெங்கம் தோட்டத்தில் ஷா ஆலம் எழுந்தது. புக்கிட் ஜாலில் தோட்டத்தில் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்கான அரங்குகள் எழுந்தன. ஆயினும் சீஃபீல்டு, புக்கிட் ஜாலில் தமிழ்ப் பள்ளிகளின் பெயரில் இன்னும் 'தோட்டம்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால்மரத்தையே கண்டிராத பிள்ளைகள் தோட்டப் பள்ளியில் படிக்கின்றனர். பெயர் நின்று பொருள் போனால் என்னாகும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டா. கொறங்காடு இல்லாத காங்கயம் மாடும் அப்படித்தான் ஆகும்.

பழையகோட்டையில் இப்போது ஞாயிறுதோறும் காங்கயம் மாடுகளுக்கென்றே ஒரு சந்தை கூடுகிறது. பசு, கிடாரி, காளை, கன்று எல்லாம் வருகின்றன. அடிமாட்டு விலைக்குக் கைமாறாமல் வளர்ப்பவரிடமிருந்து வளர்ப்பவருக்கே போகவேண்டும் என்பது நோக்கம். இங்கிருந்து தமிழகம் செல்லும் ஆசிரியர்கள் சிவன்மலைக்குப் போகும் வழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே எட்டிப் பார்க்கலாம். சந்தையைப் பார்த்தபின் பக்கத்துக் கொறங்காடு ஒன்றின் படலருகே சற்று நின்று, மாடு மேய்ப்பவர் யாரேனும் கண்ணில்பட்டால் அவர் பெயரையும் அவர் தந்தை பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பழையகோட்டை வரலாற்றில் எழுதப்படாமல் இருக்கும் பகுதி அது.